இரண்டாம் மாடிக்குப் போன தட்டு

தட்டு காலியாகத் திரும்பிப் போய்விட்டது என்கிற விஷயம் ஸ்டாமாத்திஸுக்குத் தெரிய வந்தபோது, அவன் குளியலறை வாசலில் நின்றுகொண்டு மாரெட்டுக்கு வெந்நீர் சுவிட்சைப் பற்றி மூன்றாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தான்.

“குளிக்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி போடணும். உள்ளே போறதுக்கு முன்னாடி மறக்காம அணைக்கணும். எங்க, நீ ஒருதடவை சொல்லு.”

“போடணும். அணைக்கணும்,” என்றாள் மாரெட். எஸ்தோனியாவிலிருந்து சனிக்கிழமைதான் வந்து இறங்கியிருந்தாள். பத்தொன்பது வயது, கேட்டதற்குப் பதில் சொல்கிற அமைதியான பெண். கிரேக்க மொழியை ஊரிலேயே ஒரு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தாள்.

“எவ்வளவு நிமிஷம் முன்னாடி?”

“இருபது.”

“சபாஷ். இப்ப சமையலறைக் குழாய்க்கு வருவோம்.”

அதற்குள் அவன் மகள் டனாயி வாசலிலிருந்து ஓடி வந்தாள். ஆறு வயது. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் மூடியாயிற்று.

“அப்பா, போலிக்ஸெனி அத்தை தட்டைக் கவுத்துக் கவுத்துப் பார்த்தாங்கப்பா.”

“எந்தத் தட்டை?”

“நேத்து கீரை அடைச்சுச் சுட்ட பிட்டா வச்சுக் குடுத்தாங்களே, அதை. மாரெட் அக்காவும் நானும் இப்பத்தான் கீழே போய்க் குடுத்துட்டு வந்தோம். நல்லா சோப்பு போட்டுக் கழுவினாங்க அக்கா.”

“உள்ளே என்ன வச்சுக் குடுத்தீங்க?”

“ஒண்ணும் வைக்கலையே.”

ஸ்டாமாத்திஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கட்டடத்தில் நாலு மாடி, எட்டு வீடு. யார் வீட்டுத் தட்டும் வெறுமனே திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஓர் எலுமிச்சம்பழமாவது அதில் உருளும். வெறும் தட்டை நீட்டுவதும், உன் பிட்டாவும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதும் கிரேக்க நாட்டு வோலோஸ் ஊரில் ஒன்றுதான்.

“போன ரெண்டு தடவையும் தட்டை நானேதான் கொண்டுபோய்க் குடுத்தேன். இந்தத் தடவை அசந்துட்டேனே,” என்று தலையில் கை வைத்தான்.

போன ரெண்டு தடவை என்றால், போன ரெண்டு பெண்கள். வீட்டோடு ஒரு வருஷம் தங்கி, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, மொழியும் பழகிக்கொண்டு போகிற வெளிநாட்டுப் பெண்ணை அங்கே ஓ-பேர் என்பார்கள். ஸ்டாமாத்திஸின் மனைவி இஸ்மினி தீவுகளுக்குப் போகும் கப்பலில் இரண்டாம் அதிகாரி. காலை ஆறு மணிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். கோடைக்காலம் முழுக்க ஒரு நாள் விடாமல் கப்பல் ஓடும். அதனால்தான் ஓ-பேர். முதலில் செக் நாட்டுப் பெண் ஒருத்தி வந்தாள், நாலாம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டாள். அடுத்தவள் போர்ச்சுகல்காரி. ஒன்பது நாள் தாக்குப்பிடித்தாள். இரண்டு பேரும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்.

“இந்தப் பொண்ணும் போயிட்டா, நான் கப்பலை விட்டு இறங்கி டிக்கெட் கவுண்டர்ல உட்கார வேண்டியதுதான். பன்னெண்டு வருஷம் படிச்சு, பரீட்சை எழுதி ஏறின படி, ஸ்டாமாத்தி. ஞாபகம் வச்சுக்கோ,” என்று இஸ்மினி சொல்லியிருந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவன் இதைப் பற்றி ஆழமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான். கவனிப்பு போதவில்லை. முதல் பெண் வந்தபோது மூன்று நாள் லீவு போட்டுக் கூடவே இருந்தான். இரண்டாமவளுக்கு ஒரு வாரம். ஆக, இந்தத் தடவை இரண்டு வாரம். நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் லீவு கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் சேர்த்து எடுத்துக்கொள்ளேன் என்றுகூட ஒருவர் அன்பாகச் சொன்னார்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தான். எட்டு மணிக்கு மாரெட்டுடன் காபி. எட்டரைக்கு மாரெட்டுடன் கடைத்தெரு. பத்துக்கு மாரெட்டுக்குப் பேருந்துத் தடங்கள் அறிமுகம். பதினொன்றரைக்கு மொழிப் பயிற்சி. இரண்டிலிருந்து நான்கு வரை மாரெட் ஓய்வு, அடைப்புக்குறிக்குள் ‘ஸ்டாமாத்திஸ் உடன் இருப்பார்’. 

இப்போது குழாயைக் கிடப்பில் போட்டுவிட்டு மாரெட்டை மேஜையில் உட்கார வைத்து, காகிதத்தில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, தட்டு விஷயத்தை நாற்பது நிமிஷம் விளக்கினான். அவள் கவனமாகக் கேட்டாள். வந்த மூன்று நாளில் அவள் இவ்வளவு ஆர்வமாக எதையும் கேட்டதில்லை என்று அவனுக்கு உள்ளூர சந்தோஷம்.

“தட்டு வந்தா, நான் கண்டிப்பா திருப்பிக் கொண்டுபோகணும்?” என்றாள்.

“கண்டிப்பா.”

“நானேவா?”

“யாருக்கு வந்ததோ அவங்கதான் கொண்டுபோகணும். அதுதான் மரியாதை.”

“போனவுடனே திரும்பி வந்துடலாமா?”

“சேச்சே, அது ரொம்பத் தப்பு. உட்காரச் சொல்வாங்க, உட்காரணும். ரெண்டு வார்த்தை பேசணும். எழுந்து ஓடி வந்தா கோவிச்சுப்பாங்க.”

மாரெட் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு தன் பெட்டியிலிருந்து கறுப்பு ரொட்டி ஒன்றும் புகையிட்ட மீன் டப்பா இரண்டும் எடுத்து, டனாயியையும் கூட்டிக்கொண்டு கீழே இரண்டாம் மாடிக்குப் போனாள்.

விஷயம் முடிந்தது என்று ஸ்டாமாத்திஸ் நினைத்தான். ஐம்பது நிமிஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். கையில் வேறொரு தட்டு. அதன்மேல் சூடாக சீஸ் பிட்டா.

“இது எதுக்கு? கணக்கு தீர்ந்துபோச்சே,” என்றான் ஸ்டாமாத்திஸ்.

“குடுத்தாங்க,” என்றாள் மாரெட்.

போலிக்ஸெனி ஐம்பத்தைந்து வயதுக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் பாவாடை சட்டை அளவு குறைத்துக் கொடுப்பாள், சிகரெட் பிடிப்பாள், எதற்கும் அசர மாட்டாள். அந்த வெறும் தட்டு மனதில் உறுத்தியிருக்கிறது, அதனால்தான் ஒரு படி மேலே போய்க் காட்டுகிறாள் என்று ஸ்டாமாத்திஸ் புரிந்துகொண்டான். சரி, இவனும் லேசுப்பட்டவனா. மொழிப் பயிற்சியை ஒத்திப்போட்டுவிட்டு வால்நட் கேக் ஒன்று சுட்டான். மாரெட் அதைத் தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோனாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, அரிசி அடைத்து வேகவைத்த தக்காளி ஆறோடு மேலே வந்தாள்.

புதன்கிழமைக்குள் நிலவரம் கைமீறிவிட்டது. ஒரு நாளைக்கு நாலு தட்டு வந்தது. சில சமயம் ஐந்து. கடைத்தெருவுக்குப் போக மாரெட் செருப்பு மாட்டும் நேரத்தில் பார்த்து ஒரு தட்டு நினைவுக்கு வரும். பேருந்துத் தடங்களில் மூன்றாம் எண்ணோடு அறிமுகம் நின்றுபோயிற்று. மதியம் இரண்டு மணிக்கு, ஸ்டாமாத்திஸ் உடன் இருக்கத் தயாராகச் சோபாவில் வந்து உட்காருவான். உடனே இவள் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பாள்.

“லிஃப்ட்ல போ, சீக்கிரம் வந்துடலாம்,” என்பான் அவன்.

“படியிலேயே போறேன். நல்லது,” என்பாள் அவள்.

பாவம், எவ்வளவு கூச்சம், லிஃப்டுக்குக்கூடப் பழகவில்லை என்று அவன் லிஃப்ட் பயன்படுத்துவதையும் அட்டவணையில் சேர்த்தான்.

அன்றைக்கே அவன் முதல் தந்திரத்தைக் கையாண்டான். வெண்ணெய் பிஸ்கட்டை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அனுப்பினான். தூக்கிப் போடுகிற டப்பா, திருப்பித் தர வேண்டியதில்லை. அத்தோடு கதை முடிந்துவிடும். மாலை அந்த டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே இறைச்சி உருண்டை. அதற்கு மேல் ஒரு தட்டு வைத்து மூடியிருந்தது. தட்டிலும் இறைச்சி உருண்டை.

வியாழக்கிழமை காலை, தானே போய்ப் பேசிவிடுவது என்று தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போலிக்ஸெனி கதவைப் பாதி திறந்து, சிகரெட்டும் வாயுமாக அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ எதுக்குடா வந்தே?”

“தட்டு குடுக்க வந்தேன், அக்கா.”

“பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கா.”

“அப்ப அவதானே வரணும். யாருக்குத் தட்டு வந்ததோ அவங்கதான் கொண்டுவரணும்னு நீதானே சொல்லிக் குடுத்தியாம், படம் எல்லாம் போட்டு. முறை தெரிஞ்சவனே இப்படிப் பண்ணலாமா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் கையில் இரண்டு தட்டு வந்துவிட்டது. ஒன்று மாரெட்டுக்கு, இன்னொன்று குழந்தைக்கு. தனித்தனியாகக் கொண்டு வரச் சொல்லு என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

மேலே வந்தவனுக்கு ஒரு வெறி பிடித்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அந்த இரண்டில் ஒன்றைப் பாத்திரத் தொட்டியில் போட்டு உடைத்தான். தட்டே இல்லை என்றால் எதைத் திருப்புவது?

“ஐயோ, கை தவறிடுச்சு,” என்று உரக்கச் சொன்னான்.

மாரெட் வந்து துண்டுகளைப் பார்த்தாள். “நான் போய் மன்னிப்புக் கேக்கறேன்,” என்றாள்.

“நானே கேட்டுடறேனே.”

“எனக்கு வந்த தட்டு,” என்று அவனுடைய பாடத்தையே அவனுக்கு நினைவுபடுத்திவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள்.

மன்னிப்புக் கேட்க இரண்டரை மணி நேரம் பிடித்தது. திரும்பி வரும்போது இருவருமாக ஒரு பெரிய அலுமினியத் தட்டத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். பத்துப் பேர் சாப்பிடுகிற அளவுக்குக் கத்தரிக்காயும் இறைச்சியும் அடுக்கிச் சுட்டிருந்தது. தட்டு உடையும் என்றால் உடையாத பாத்திரத்தில் தருகிறேன் என்றாளாம் போலிக்ஸெனி. ஸ்டாமாத்திஸ் அந்தத் தட்டத்தின் நீள அகலத்தைப் பார்த்தான். அதை நாலு பிஸ்கட் போட்டு நிரப்ப முடியாது. ஒரு கல்யாணச் சமையலே செய்ய வேண்டும்.

ஆனால் அவனை உண்மையில் பயமுறுத்தியது தட்டம் அல்ல, மாரெட்டின் முகம். கண் இரண்டும் வீங்கியிருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் கோடு கோடாகத் தடம். அழுதிருக்கிறாள். எதிலோ முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகு நேரம் அழுதிருக்கிறாள். செக் நாட்டுப் பெண்ணும் போகிற அன்றைக்கு இப்படிக் கண் வீங்கித்தான் நின்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு இஸ்மினி வந்ததும் அவளைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனான். “பொண்ணு அழறா. அந்தப் போலிக்ஸெனி அவளை மாடிக்கும் கீழேயுமா ஓட ஓட விரட்டறா. கால் ஓஞ்சு போச்சு அதுக்கு.”

“அழற மாதிரியா இருக்கா? எங்கிட்ட நல்லா சிரிச்சுதானே பேசினா,” என்றாள் இஸ்மினி. நாள் முழுக்க நின்ற கால் அவளுக்கும் ஓய்ந்திருந்தது. “கொஞ்சம் அவபாட்டுக்கு விடு, ஸ்டாமாத்தி.”

“அவபாட்டுக்கு விட்டதாலதான் முன்னாடி ரெண்டும் போச்சு.”

“கப்பல் நிறுவனத்துலேருந்து இன்னிக்குக் கேட்டாங்க. இந்தப் பொண்ணு இருக்கறது உறுதியானாத்தான் கோடை முழுக்க எனக்கு அந்தப் பதவியாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணும்.” அவள் துறைமுகத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு அந்தக் கவுண்டர்ல உட்கார வேண்டாம். அவ்வளவுதான்.”

ஸ்டாமாத்திஸுக்கு அவளுக்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் போலிருந்தது. உடனே உள்ளே போய்த் தண்ணீர் அலுவலக மேலாளர் வீட்டுக்கு போன் செய்தான். மேலாளர் மறுபேச்சில்லாமல் சரி என்றார். போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தான். மாரெட் டனாயிக்குப் படக்கதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

“மாரெட், உனக்கு ஒரு நல்ல சேதி. என் லீவை இன்னும் ஒரு வாரம் நீட்டிட்டேன். மொத்தம் மூணு வாரம். நீ தனியா கஷ்டப்பட வேண்டியதே இல்லை.”

மாரெட் புத்தகத்தை மூடினாள். மேஜைக்குப் போனாள். குழந்தைக்கு வந்த தட்டில் இன்னும் பாதி பிட்டா மிச்சமிருந்தது. அதை வேறொரு கிண்ணத்தில் சரித்துவிட்டு, தட்டைக் கழுவி, பழக்கூடையிலிருந்து இரண்டு ஆப்ரிகாட் பழம் எடுத்து வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

“சாப்பாட்டு நேரத்துல எங்கே?” என்றான் ஸ்டாமாத்திஸ்.

“தட்டு,” என்றாள் மாரெட். கதவு சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டாமாத்திஸும் டனாயியும் பிஸ்கட் சுட்டார்கள். டனாயி ஒவ்வொன்றிலும் பூனை முகம் செய்தாள். திராட்சையில் கண், பாதாம் பருப்பில் மூக்கு. ஒரு பூனைக்கு ஒரு காது பிய்ந்து போனதில் அவளுக்குக் கொஞ்சம் அழுகை. எல்லாவற்றையும் அலுமினியத் தட்டத்தில் பரப்பி, மாரெட் பத்து மணிக்கு டனாயியோடு கீழே கொண்டுபோனாள். பன்னிரண்டு மணிக்கு டனாயி மட்டும் ஒரு தட்டோடு மேலே வந்து, அதை மேஜையில் வைத்துவிட்டு, பொத்தான் கோத்துக்கொண்டிருக்கிறேன் என்று மறுபடியும் ஓடிவிட்டாள்.

ஸ்டாமாத்திஸ் மூடியிருந்த துணியை எடுத்தான். உள்ளே பூனை முகம் போட்ட பிஸ்கட். மேலாக இருந்த பூனைக்கு ஒரு காது இல்லை.

அவன் வெகு நேரம் அந்தப் பூனையைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்தது. கொடுத்ததையே திருப்பிக் கொடுப்பதா? வெறும் தட்டைவிடக் கேவலம் அல்லவா இது. இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டியிருக்கிறது? தட்டைத் தூக்கிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல், இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினான்.

போலிக்ஸெனி கதவைத் திறந்த வேகத்திலேயே உதட்டில் விரல் வைத்தாள். 

உள்ளே சோபாவில் மாரெட் நல்ல தூக்கத்தில் இருந்தாள். கால் இரண்டும் கைப்பிடிக்கு மேல் கிடந்தது. கன்னம் கோடு போட்ட மெத்தையில் அழுந்தியிருந்தது. டனாயி தரையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகப் பொத்தான் கோத்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் அவன் அனுப்பிய வால்நட் கேக் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பக்கத்தில் மீன் டப்பா இரண்டும் திறக்காமல் இருந்தன.

“பாருங்க,” என்றான் ஸ்டாமாத்திஸ், குரலைத் தாழ்த்தியபடி. “நீங்க பண்ணின காரியத்தைப் பாருங்க. உக்கார்ந்த இடத்துலேயே அசந்து விழுந்துட்டா. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை மாடி ஏறி இறங்கினா மனுஷங்களுக்குக் கால் என்ன ஆகும்?”

“மெதுவா பேசு. இப்பத்தான் கண் அசந்தா.”

“ஒரு வெறும் தட்டுக்கு இவ்வளவு கோபமா, அக்கா? தெரியாம பண்ணிடுச்சு. அதுக்கு நான் கேக் சுட்டேன், பிஸ்கட் சுட்டேன். நீங்க எங்க பிஸ்கட்டையே எங்களுக்குத் திருப்பி அனுப்பறீங்க.”

“வேற என்ன பண்ணச் சொல்றே? வீட்டுல மாவு தீர்ந்துபோச்சு. முட்டையும் இல்லை. தைக்கக் குடுத்த துணி அப்படியே கிடக்கு.”

“அப்ப நிறுத்திடுங்களேன்,” என்றான். “உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இந்தப் பொண்ணும் ஓடிட்டா இஸ்மினி கப்பலை விடணும். பன்னெண்டு வருஷமா அதுக்காகவே உழைச்சவ. நானும் என்னால முடிஞ்சதை எல்லாம் பண்ணிட்டேன். லீவைக்கூட இன்னொரு வாரம் நீட்டிட்டேன்.”

போலிக்ஸெனி அவனை இரக்கத்தோடு பார்த்தாள். அவன் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். சிகரெட்டை அணைத்தாள்.

“சொன்னா. அதைச் சொல்லத்தான் நேத்து சாப்பாட்டு நேரத்துல வந்தா,” என்றாள். “இஸ்மினியைக் கவலைப்படாம கப்பலுக்குப் போகச் சொல்லு. இவ எங்கேயும் போகமாட்டா.”

“எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

“தட்டு கேக்கறதே அவதான்டா. ‘அவர் லீவு முடியற வரைக்கும் தினம் அஞ்சு தட்டு குடுங்க, நான் வருஷம் பூரா இருந்துடறேன்’னு அந்த மீன் டப்பா கொண்டு வந்த அன்னிக்கே சொல்லிட்டா. பாவம், முன்னாடி வந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு அந்த வழியும் இல்லாம, அவங்க தட்டையும் நீயே தூக்கிட்டு வந்துட்டே.”